பால்கனிக்கு மேல் ஷீட் போட்டால் மேல் வீட்டார் தடுக்க முடியுமா?

ஒரு வாசகியின் கடிதத்துக்கு வழக்கறிஞரின் பதில்

சென்னைப் புறநகரில் பல பிளாக்குகள் உள்ள வளாகம் ஒன்றில், ஸ்டில்ட் பார்க்கிங்குக்கு மேல் மூன்று மாடிகள் கொண்ட 12 வீட்டுக் குடியிருப்பில் இரண்டாவது மாடியில் இருக்கிறார் இந்த வாசகி. கட்டடத்துக்கு 9 வயது. இவர் வீட்டுப் பால்கனி கிழக்குப் பார்த்தது. ஐப்பசி, கார்த்திகையில் மழை சாய்ந்து அடித்தால் தண்ணீர் பால்கனியைத் தாண்டி ஹாலுக்கே வந்துவிடுகிறது. போன வருடம் அந்த ஈரத்தில் வழுக்கி விழுந்த 74 வயது மாமியாருக்கு இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது.

இந்த வருடமும் அப்படி ஆகிவிடக் கூடாதென்று ஒரு ஃபேப்ரிகேட்டரைப் பிடித்திருக்கிறார். பால்கனிக்கு மேலே 10 அடி நீளம், 4 அடி நீட்டத்துக்குக் கலர் ஷீட் போட 38,000 ரூபாய் பேசி, 15,000 முன்பணமும் கொடுத்தாயிற்று. சங்கச் செயலாளரை லிஃப்ட் பக்கத்தில் பார்த்தபோது விஷயத்தைச் சொல்ல, "போட்டுக்கோங்க மேடம், இதுல என்ன இருக்கு" என்று அவரும் சொல்லியிருக்கிறார். ஜி.ஐ. பைப் ஃபிரேம் சுவரில் ஏறிய அன்று மாலையே மூன்றாவது மாடி வீட்டார் சண்டைக்கு வந்துவிட்டார்கள். ஷீட்டில் கால் வைத்துத் திருடன் ஏறுவான், வெயிலில் அனல் மேலே அடிக்கும், மழைச் சத்தத்தில் தூங்க முடியாது என்பது அவர்கள் கட்சி. கீழே முதல் மாடியிலிருந்து, "உங்க ஷீட் தண்ணி எங்க துணிக்கொடியில கொட்டும்" என்று இன்னொரு புகார். மறுநாள் சங்கத்திடமிருந்து கடிதம் வந்திருக்கிறது: 7 நாளில் அகற்றாவிட்டால் தண்ணீர் இணைப்பு நிறுத்தப்படும்.

"என் பணத்தில் வாங்கிய வீடு, என் சுவர். மேல் வீட்டு அக்காவுக்கு இதில் என்ன உரிமை? நான்காவது பிளாக்கில் மூன்று பேர் போட்டிருக்கிறார்களே, அவர்களை ஏன் கேட்கவில்லை? தற்காலிக ஷீட்டுக்கெல்லாம் அனுமதி வேண்டுமா? தண்ணீரை நிறுத்தினால் போலீசுக்குப் போகட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். ஐந்து புகைப்படங்களும் இணைத்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

மாமியார் விழுந்ததைப் படித்தபோது மனது கனத்தது. வயதானவர்களுக்கு இடுப்பெலும்பு முறிவது எவ்வளவு பெரிய அடி என்று என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். நீங்கள் அழகுக்காகவோ இடத்தை வளைத்துப் போடவோ இந்த வேலையைத் தொடங்கவில்லை. அதைச் சங்கமும் அண்டை வீட்டாரும் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். மழை உள்ளே வருவதைத் தடுப்பது உங்கள் நியாயமான தேவை, அதற்கு வழியும் இருக்கிறது. ஆனால் நீங்கள் தொடங்கியிருக்கும் விதத்தில் சில தவறுகள் இருக்கின்றன. அவற்றையும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் அந்த ஃபிரேமைப் பாருங்கள்

சட்டம் பேசுவதற்கு முன்னால் உங்கள் மூன்றாவது புகைப்படத்தைப் பற்றிப் பேச வேண்டும். அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஃபிரேமைச் சுவரில் பிடிக்கும் பேஸ் பிளேட்டில் நான்கு ஓட்டைகள் இருக்கின்றன, போல்ட் இரண்டில்தான் இருக்கிறது. இடது பக்க போல்ட்டைச் சுற்றி மயிரிழை போல ஒரு விரிசல், பூச்சில் அரை வட்டமாக ஓடுகிறது. அந்த இடத்தில் இருப்பது பீம் இல்லை, செங்கல் சுவர் என்று கீழே உரிந்திருக்கும் பூச்சைப் பார்த்தாலே தெரிகிறது.

இதை வைத்துக்கொண்டு எனக்குத் தெரிந்த ஒரு ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியரிடம் பேசினேன். அவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் ஷீட் மொத்தம் 40 சதுர அடி, அதாவது சுமார் 3.7 சதுர மீட்டர். அரை மில்லிமீட்டர் கனத்தில் ஷீட்டின் எடை 20 கிலோவுக்குள் அடங்கிவிடும். "இருபது கிலோதானே மேடம், ரெண்டு போல்ட் தாங்காதா" என்று உங்கள் ஃபேப்ரிகேட்டர் சொன்னது இந்தக் கணக்கில்தான். ஆனால் ஷீட்டைப் பிடித்து இழுப்பது அதன் எடை இல்லை, காற்று. கிழக்கிலிருந்து வரும் காற்று சுவரில் மோதிப் போக வழியில்லாமல் மேலே ஏறும், ஏறும்போது ஷீட்டுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். மணிக்கு 120 கிலோமீட்டர் காற்றில் உங்கள் ஷீட்டை மேல்நோக்கித் தூக்கும் விசை ஏறக்குறைய 250 கிலோ. வடிவமைப்புக்கு ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதி, அதாவது காற்று விசைக்கான இந்தியத் தர விதி, சென்னைக்குக் கொடுத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்துக்குக் கணக்குப் போட்டால் அரை டன்னைத் தாண்டுகிறது. வேகம் ஒன்றரை மடங்கானால் விசை இரண்டேகால் மடங்காகிறது. விளிம்பிலும் மூலையிலும் இழுப்பு இன்னும் கூடுமாம்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்த மறுநாள் காலை எங்கள் தெரு முனையில் நான் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரு மொட்டைமாடி ஷீட் பறந்து வந்து விளக்குக் கம்பத்தில் சேலை சுற்றியது போலச் சுற்றிக்கொண்டிருந்தது. ஷீட்டோடு பைப்பும் வந்திருந்தது. பைப்பின் நுனியில் பிளேட், பிளேட்டில் போல்ட், போல்ட்டைச் சுற்றிக் கை அகலத்துக்குச் செங்கல் தூளும் பூச்சும். போல்ட் உடையவே இல்லை. சுவர்தான் அதை விட்டுக் கொடுத்துவிட்டது.

அதனால் இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை, ஃபேப்ரிகேட்டரை வரவழைத்து அந்த ஃபிரேமை இறக்கி வைப்பது. பார்க்கிங்கில் கிடக்கும் ஷீட்டுகளை அடுக்கிக் கயிற்றால் கட்டி, மேலே கனம் வைக்கச் சொல்லுங்கள். சங்கத்துக்குப் பயந்து இறக்கியதாக யாரும் நினைத்துவிடுவார்களோ என்று தயங்காதீர்கள். கீழே பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிற இடம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது பறந்து ஒருவர் மேல் விழுந்தால் நஷ்டஈடு கேட்டு உங்கள் மேல் வழக்கு வரும். உயிருக்கு ஆபத்தானால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு வரை விஷயம் போகலாம். கவனக்குறைவால் மரணம் விளைவிப்பது பற்றிய பிரிவு அது. "ஃபேப்ரிகேட்டர்தான் பொருத்தினார்" என்றால் அவரும் சேர்ந்து பொறுப்பாவார், அவ்வளவுதான். நீங்கள் விடுபட மாட்டீர்கள்.

"என் சுவர்" என்று நீங்கள் நினைப்பது

தனி வீட்டில் இருப்பவர் இப்படிக் கேட்டால் பதில் வேறு. அடுக்குமாடியில் நீங்கள் வாங்கியது இரண்டு பொருள். ஒன்று, உங்கள் வீட்டின் உட்புறம். இன்னொன்று, நிலத்தில் பிரிக்கப்படாத பாகம், நாம் எல்லோரும் யு.டி.எஸ். என்று சொல்வது. வீட்டின் உள்ளே பெயிண்ட் அடிப்பது, டைல்ஸ் மாற்றுவது, அலமாரி வைப்பது எல்லாம் உங்கள் விருப்பம். ஆனால் அஸ்திவாரம், தூண், பீம், பிரதான சுவர்கள், மேல்தளம் ஆகியவை 12 வீட்டாருக்கும் பொது. அடுக்குமாடிச் சட்டங்களின் அடிப்படையே இதுதான். 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்துக்குப் பதிலாக இப்போது 2022-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதிலும் இந்த அடிப்படை மாறவில்லை.

பால்கனிக்குள் நின்று பார்க்கும்போது அந்த வெளிச்சுவர் உங்களுடையது போலத்தான் தோன்றும். உள்பக்கம் நீங்கள் பெயிண்ட் அடிக்கிறீர்கள், கொடி கட்டுகிறீர்கள். ஆனால் அதன் வெளிமுகத்தில் துளை போட்டு 4 அடி வெளியே நீளும் ஒன்றைத் தொங்கவிடும்போது பொதுச் சொத்தில் கை வைக்கிறீர்கள். மேல் வீட்டு அக்காவுக்கு என்ன உரிமை என்று கேட்டீர்களே, இதுதான். அவரும் அந்தச் சுவரின் பங்காளி.

உங்கள் கிரயப் பத்திரத்தையும் சங்கத்தின் துணை விதிகளையும் எடுத்துப் படியுங்கள். பெரும்பாலான துணை விதிகளில் வெளித்தோற்றத்தை மாற்றக் கூடாது, வெளிச்சுவரில் எதையும் பொருத்தக் கூடாது, பொருத்தினால் சங்கத்தின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். செயலாளர் லிஃப்ட் பக்கத்தில் சொன்ன வார்த்தை அந்த ஒப்புதல் ஆகாது. அவர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் தனி ஆளாகச் சம்மதம் தர அவருக்கு அதிகாரம் இல்லை. கமிட்டியோ பொதுக்குழுவோ தீர்மானம் போட்டு, அது மினிட்ஸ் நோட்டில் ஏற வேண்டும்.

தற்காலிக ஷீட்டுக்கு அனுமதி தேவையா?

"தற்காலிகம்" என்ற வார்த்தையை ஃபேப்ரிகேட்டர்கள் எல்லோரும் சொல்வார்கள். சுவரில் ஆங்கர் போல்ட் அடித்து, வெல்டிங் வைத்து, வருடக்கணக்கில் இருக்கப் போகும் ஒன்றைச் சட்டம் தற்காலிகமாகப் பார்க்காது. 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம்தான் இதற்குத் தாய்ச் சட்டம். அளவுகளையும் இடைவெளிகளையும் சொல்வது 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். பூச்சு வேலை, பெயிண்ட், கதவு ஜன்னல் மாற்றுவது போன்ற சில்லறை வேலைகளுக்கு விலக்கு உண்டு. உங்கள் விஷயத்தில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

கட்டடத்துக்கும் கிழக்குப் பக்கக் காம்பவுண்டு சுவருக்கும் நடுவில் 5 அடிதான் என்று எழுதியிருக்கிறீர்கள். அது செட்பேக், காலியாக விட்டாக வேண்டிய இடம். பால்கனியின் வெளி விளிம்பிலிருந்து அளந்தால் அந்த 5 அடியும் இருக்காது. அதில் 4 அடியை ஷீட் மறைத்தால் மிச்சம் என்ன? காற்று, வெளிச்சம், தீ விபத்தில் ஏணி வைத்து ஆட்களை இறக்க இடம், எல்லாவற்றுக்கும் விட்ட இடம் அது. யாராவது மாநகராட்சிக்கு ஒரு புகார் எழுதினால், நகரமைப்புப் பிரிவிலிருந்து வருகிறவர் கையில் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தை வைத்துக்கொண்டு மேலே பார்ப்பார். வரைபடத்தில் இல்லாதது அங்கே இருந்தால் அகற்றச் சொல்லி நோட்டீஸ் தர அந்தச் சட்டத்தின் 56, 57 பிரிவுகள் இடம் கொடுக்கின்றன. அதற்கு மேல் அரசிடம் முறையீடு செய்யலாம், 80-ஏ பிரிவில். ஆனால் 38,000 ரூபாய் வேலைக்காக அந்தப் பாதையில் நடக்க வேண்டிய நிலை உங்களுக்கு வரக் கூடாது.

மின்கம்பி எதுவும் அந்தப் பக்கம் போகிறதா என்று புகைப்படத்தில் தெரியவில்லை. போனால், சாதாரண தாழ்வழுத்தக் கம்பிக்கும் கட்டடத்தின் எந்தப் பகுதிக்கும் நடுவில் பக்கவாட்டில் 1.2 மீட்டர், மேல்நோக்கி 2.5 மீட்டர் இடைவெளி வேண்டும். உலோக ஷீட் என்பதால் இதை அலட்சியம் செய்யவே கூடாது.

நான்காவது பிளாக்கில் மூன்று பேர் போட்டிருப்பது உங்களுக்கு உதவாது. வருத்தமாக இருந்தாலும் இதை நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். அரசியலமைப்பின் 14-ஆவது பிரிவு தரும் சமத்துவம் சட்டப்படியான விஷயத்தில்தான். "அவர் தப்பு செய்தார், என்னையும் செய்ய விடுங்கள்" என்ற சமத்துவத்தை எந்த நீதிமன்றமும் ஏற்பதில்லை. 2024 டிசம்பரில், மீரட் நகரத்தில் குடியிருப்பு மனையில் கட்டிய கடைகள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் கறாராகவே சொல்லிவிட்டது. பல வருடம் ஆகிவிட்டது, பணம் நிறையச் செலவாகிவிட்டது, அதிகாரிகள் கண்டுகொள்ளவில்லை, இவை எதுவும் அனுமதியில்லாத கட்டுமானத்தைக் காப்பாற்றாது என்பதே அதன் சாரம். ஆனால் அந்த மூன்று பேரை வேறு விதத்தில் பயன்படுத்தலாம். "எங்கள் வளாகத்தில் நாலு பேருக்கு இந்தத் தேவை இருக்கிறது, எல்லோருக்கும் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே விதி வைப்போம்" என்று பொதுக்குழுவில் பேசுங்கள். புகார் சொல்லும் ஆளாக இல்லாமல் தீர்வு கொண்டுவரும் ஆளாக அங்கே போவீர்கள்.

மேல் வீட்டார், கீழ் வீட்டார் சொல்வதில் எது நியாயம்?

எல்லா ஆட்சேபத்துக்கும் ஒரே கனம் கிடையாது. இதில் நிதானமாக யோசிக்க வேண்டியிருக்கிறது.

கீழ் வீட்டார் சொல்லும் தண்ணீர் விஷயம்தான் சட்டப்படி வலுவானது. 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம், ஈஸ்மெண்ட் சட்டம் என்று நீதிமன்றங்களில் சொல்வது, ஆரம்பத்திலேயே சென்னை மாகாணத்துக்கு வந்த சட்டம். உங்கள் கூரைத் தண்ணீரை அடுத்தவர் இடத்தில் விழவிட உங்களுக்கு இயல்பான உரிமை எதுவும் இல்லை. அப்படி ஒரு உரிமை வர வேண்டுமென்றால் ஒப்பந்தம் இருக்க வேண்டும், இல்லையென்றால் தடையில்லாமல் 20 வருடம் அனுபவித்திருக்க வேண்டும். கணக்கைப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் உங்கள் ஷீட்டிலிருந்து மட்டும் 185 லிட்டர் தண்ணீர் இறங்கும். விளிம்பில் தண்ணீரை ஏந்தும் வாய்க்கால், அதாவது கட்டர், இல்லாமல் விட்டால் அது ஒரே கோடாக முதல் மாடி ஜன்னலிலும், காற்றடித்தால் காம்பவுண்டைத் தாண்டி அடுத்த மனையிலும் விழும். இப்போது உங்கள் வீட்டு ஹாலில் நடப்பது அவர்கள் வீட்டில் நடக்கும்.

மேல் வீட்டார் சொல்லும் அனல் விஷயத்திலும் உண்மை இருக்கிறது. கிழக்கு வெயிலில் ஷீட் சூடாகி, காலை முழுக்க அவர்கள் பால்கனி நோக்கி வெப்பமும் கண்கூச்சமும் போகும். வெளிர் நிறம், பளபளப்பில்லாத பூச்சு எடுத்தால் ஓரளவு குறையும். மழைச் சத்தமும் அப்படித்தான். நடுவில் ஃபோம் வைத்த பஃப் பேனல் போட்டால் சத்தமும் சூடும் நன்றாகவே குறையும், செலவு மட்டும் கூடும். இவையெல்லாம் சட்டத்தில் தொல்லை என்ற தலைப்பில் வரும், அளவைப் பொறுத்து நீதிமன்றம் முடிவு செய்யும். திருடன் ஏறுவான் என்பது ஊகம்தான். ஆனால் இரண்டாவது மாடியிலிருந்து மூன்றாவது மாடிக்கு ஒரு படி வைத்துக் கொடுத்தது போல அது தெரிகிறது என்பதை மேல் வீட்டில் பெண் குழந்தையோடு இருப்பவரின் இடத்தில் நின்று பாருங்கள்.

இன்னொன்று. அந்த அக்கா பற்றி நீங்கள் எழுதிய ஒரு வரியில் நின்றுவிட்டேன். மாமியார் ஆஸ்பத்திரியில் இருந்தபோது பத்து நாள் மதியச் சாப்பாடு அவர் வீட்டிலிருந்து வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். ஃபிரேம் ஏறும் சத்தம் கேட்டுத்தான் அவருக்கு விஷயமே தெரிந்திருக்கிறது. முந்தின நாள் நீங்கள் மாடியேறிப் போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது என்று நினைக்கிறேன். இப்போதும் ஒன்றும் கெட்டுவிடவில்லை. ஃபிரேமை இறக்கிய அன்று சாயங்காலம் போய்ச் சொல்லுங்கள்.

சங்கம் தண்ணீரை நிறுத்த முடியுமா?

இதில் நீங்கள் பயப்பட வேண்டாம், சங்கம்தான் எல்லை மீறியிருக்கிறது. விதியை மீறினால் நோட்டீஸ் கொடுக்கலாம், துணை விதியில் இருந்தால் அபராதம் கேட்கலாம், மாநகராட்சிக்கு எழுதலாம், நீதிமன்றம் போகலாம். குடிதண்ணீரை நிறுத்துவது தண்டனைக் கருவி ஆக முடியாது. தண்ணீரை வாழ்வுரிமையின் ஒரு பகுதியாகவே நம் நீதிமன்றங்கள் பார்க்கின்றன. அதுவும் அறுவை சிகிச்சை ஆன முதியவர் இருக்கும் வீட்டில். அதே போல யாரும் தாங்களாகவே வந்து உங்கள் ஃபிரேமை வெட்டி எறியவும் கூடாது.

போலீசுக்குப் போவது பற்றி: யாராவது மிரட்டினால், கை வைத்தால் போங்கள். ஷீட் போடலாமா கூடாதா என்பது உரிமையியல் விவகாரம், போலீஸ் அதைத் தீர்க்க முடியாது. சங்கத்தின் கடிதத்துக்கு ஒரு வாரத்துக்குள் பதில் கொடுங்கள், பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்டில். ஃபிரேமை இறக்கிவிட்டேன், முறையாக விண்ணப்பிக்கிறேன், தண்ணீரை நிறுத்துவது சட்டவிரோதம், நிறுத்தினால் நடவடிக்கை எடுப்பேன் என்று நாலு வரி போதும். அப்படியும் நிறுத்தினால் உரிமையியல் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை கேட்கலாம். அப்போது உங்கள் பக்கம் அனுமதியில்லாத ஃபிரேம் தொங்கிக்கொண்டிருக்கக் கூடாது. தடை உத்தரவு கேட்டு வருகிறவரின் கை சுத்தமாக இருக்கிறதா என்று நீதிபதி முதலில் பார்ப்பார்.

வக்கீல் செலவுக்கு யோசிக்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவுப்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. உங்கள் வட்டச் சட்டப் பணிகள் குழுவில் ஒரு மனு கொடுத்தால், வழக்கு போடாமலேயே இரு தரப்பையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுவார்கள். இந்த மாதிரிச் சண்டைக்கு அதுதான் பொருத்தமான இடம்.

இனி என்ன செய்யலாம்?

உங்களுக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. முதலாவது, இருக்கும் 4 அடி ஷீட்டுக்கே எல்லோரிடமும் சம்மதம் வாங்குவது. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அண்டை வீட்டாரே சம்மதித்தாலும் செட்பேக்கும் காற்றும் சம்மதிக்காது.

இரண்டாவது, உலோகமே வேண்டாமென்று விட்டுவிட்டு பால்கனியின் உள்பக்கமாக மழைத்திரை போடுவது. சுருட்டி ஏற்றி இறக்கும் கனமான பிவிசி திரை, இரண்டு பக்கமும் தண்டவாளத்தில் ஓடுவது. மழை வரும்போது இறக்கினால் போதும். வெளிச்சுவரில் ஒரு துளைகூட வேண்டாம், பெரும்பாலும் யார் சம்மதமும் தேவைப்படாது. ஆனால் பலத்த காற்றில் அதைச் சுருட்டிவிட வேண்டும், மாமியார் தனியாக இருக்கும்போது அது நடக்காது.

மூன்றாவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. ஷீட்டை 2 அடி நீட்டத்துக்குக் குறைத்து, உள்ளே மழைத்திரையும் வைப்பது. நீட்டம் பாதியானால் காற்று தூக்கும் விசை பாதியாகும். அது சுவரைப் பிடுங்கும் நெம்பு கால்வாசியாகிவிடும் என்றார் எஞ்சினியர். செட்பேக்கில் இடமும் மிஞ்சும். ஃபிரேமைச் செங்கலில் அடிக்காமல் பால்கனிக்கு மேலே ஓடும் கான்கிரீட் பீமில், கெமிக்கல் ஆங்கர் (துளையில் ரசாயனப் பசை விட்டு இறுக்கும் போல்ட்) வைத்துப் பிடிக்க வேண்டும். சன்ஷேடில் மட்டும் எக்காரணம் கொண்டும் துளை போட விடாதீர்கள். மெல்லிய கான்கிரீட், கம்பி வெளியே தெரிந்துவிட்டால் கடல் காற்றில் இரண்டு மூன்று மழைக்காலத்துக்குள் துருப்பிடித்து ஊத ஆரம்பிக்கும். முன் விளிம்பில் கட்டர், அதிலிருந்து ஒரு டவுன் பைப் இறங்கி மழைநீர் சேகரிப்புக் குழியில் சேர வேண்டும். ஸ்க்ரூ ஒவ்வொன்றுக்கும் ரப்பர் வாஷர், வெல்டிங் வைத்த இடமெல்லாம் பிரைமர். இவ்வளவையும் எஞ்சினியர் ஒரே தாளில் வரைந்து, காற்று விசைக் கணக்கோடு கையெழுத்துப் போட்டுத் தரட்டும்.

அந்தத் தாளோடு ஒரு விண்ணப்பம் எழுதி, முதலில் மேல் வீடு, கீழ் வீடு இரண்டு பேரிடமும் ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்து வாங்குங்கள். கீழ் வீட்டாரிடம் டவுன் பைப் எங்கே இறங்கும் என்று அவர்கள் ஜன்னலில் நின்று காட்டுங்கள். அப்புறம் கமிட்டிக்குக் கொடுங்கள், தீர்மான நகல் கேட்டு வாங்குங்கள். அந்தத் தீர்மானத்தில் இரண்டு வரிகள் இருப்பது உங்களுக்கே பாதுகாப்பு: வருடா வருடம் புரட்டாசியில் போல்ட்டுகளைச் சோதிப்பது உங்கள் பொறுப்பு, வெளிச்சுவர் பெயிண்ட் வேலை வரும்போது உங்கள் செலவில் கழற்றி மாட்டுவீர்கள். நகரமைப்புப் பிரிவிலும் அதே வரைபடத்தை வைத்து எழுத்தில் கேட்டு, பதில் வந்த பிறகு வேலையைத் தொடங்குங்கள். இதற்குள் யாராவது அவசரப்பட்டு நீதிமன்றம் போய்விடுவார்கள் என்று தோன்றினால் கேவியட் மனு தாக்கல் செய்யலாம். 90 நாள் வரை உங்கள் தரப்பைக் கேட்காமல் உத்தரவு வராது.

முன்பணம் 15,000 போய்விடுமோ என்று கவலைப்பட்டிருந்தீர்கள். ஃபேப்ரிகேட்டரிடம் வேலையை நிறுத்துகிறேன் என்று சொல்லாமல் அளவை மாற்றுகிறேன் என்று சொல்லுங்கள். பைப்பை வெட்டிக் குறைக்கலாம், ஷீட்டும் அதேதான். நான்கு ஓட்டையில் இரண்டு போல்ட் போட்டது அவர் வேலையில் உள்ள குறை, அதைப் புகைப்படத்தோடு காட்டிப் பேசுங்கள். நியாயமாக வராவிட்டால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, ஆனால் அதுவரை போகாது என்று நம்புகிறேன்.

இதெல்லாம் முடிய ஒன்றிரண்டு மாதம் ஆகும். மழை அதுவரை காத்திருக்காது. மழைத்திரையை மட்டும் இந்த வாரமே மாட்டிவிடுங்கள். ஹால் வாசலில் தண்ணீரைத் தடுக்க இரண்டு அங்குல உயரத்தில் கிரானைட் பட்டை வைக்கலாம், ஆனால் மாமியார் வாக்கர் வைத்து நடக்கிறார் என்றால் அது தடுக்கிவிடும், வேண்டாம். பால்கனி டைல்ஸ் மேல் ஓட்டை போட்ட ரப்பர் மேட்டும், கதவுப் பக்கச் சுவரில் அவர் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு ஸ்டீல் கைப்பிடியும் போடுங்கள். அது உங்கள் வீட்டு உள்சுவர், யாரையும் கேட்க வேண்டியதில்லை.